குத்தகைக்கு வந்த முகவரி

வங்காலையிலிருந்து கரையோரமாகத் தெற்கே செல்வோர் அரிப்பையும் சிலாவத்துறையையும் கடந்து மறிச்சுக்கட்டியை அடைவர். அக்கரைக்கு எதிரே கடலடியிற் பரந்து கிடப்பவையே பண்டுதொட்டுப் புகழ்பெற்ற முத்துச் சிப்பிப் பார்கள். 1905ஆம் ஆண்டின் முற்பகுதியில் மறிச்சுக்கட்டி மணலில் ஒரு நகரம் திடீரென எழுந்தது. கிடுகாலும் கம்பாலும் ஆகிய வீடுகள், நேரிய தெருக்கள், கடைகள், நீதிமன்றம், வைத்தியசாலை, பொலிஸ் நிலையம் யாவும் அங்கே இருந்தன. பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும், தமிழகக் கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குளியாளிகளும், பம்பாய் வரையுள்ள முத்து வணிகரும் பல்லாயிரவராய் வந்து கூடினர். பருவம் முடிந்ததும் நகரம் கலைந்தது. மணல் மட்டும் எஞ்சிற்று.

இத்தகைய நகரத்தை நடத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. வருவோர் யார், எத்தனை பேர், எத்தனை நாள் தங்குவர் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஆயினும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு தனி எண் வேண்டும். இன்றேல் எந்தச் சிப்பிக் குவியல் எந்தச் சம்மாட்டிக்கு உரியது என்பது விளங்காது. படகுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். அது கட்டப்பட்ட நாளிலிருந்து அதனோடு வருவது. ஆனால் குளிப்பு நடக்கும் காலத்தில் அதிகாரிகள் பதிந்து கொடுக்கும் எண்ணே அங்கே செல்லுபடியாகும். பருவத்துக்குப் பின் அவ்வெண்ணுக்குப் பொருள் இல்லை. பின்னாளில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனார்ட் வூல்ப் 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் இளம் அரசாங்க உத்தியோகத்தராகக் கடமையாற்றியவர். சிப்பிகளை இறக்கி எண்ணிப் பங்கிடும் முற்றமாகிய கொட்டில், எண்ணும் ஒழுங்கும் இன்றி ஒரு நாளும் கழிந்திராது என்பதை நேயர்கள் எளிதில் ஊகிப்பர்.

இதே சிக்கல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர்க் கணினிகளின் உலகில் எழுந்தது. அங்கும் தீர்வு குத்தகையாகவே வந்தது. அதன் வரலாறு இங்குக் கூறப்படுகின்றது.

இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் 1969ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நான்கு நிலையங்களோடு தொடங்கியது. நான்கு இடங்களுக்கு முகவரி கொடுப்பது பெருங்காரியமன்று. ஒருவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தாலே போதும். உண்மையில் அவ்வாறே நடந்தது. யோன் போஸ்டல் என்பவர் எண்களை ஒதுக்கிப் பதிந்து வந்தார். கலிபோர்னியாவில் ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பெயின்லர் என்ற அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் நிலையம், எந்தக் கணினிக்கு எந்த எண் என்ற அட்டவணையைப் பேணியது. புதிய கணினி ஒன்று சேருமாயின் அந்நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். அட்டவணை திருத்தப்பட்டபின் மற்றோர் அதனைப் பிரதி செய்துகொள்வர். கிராமத்து விதானையாரின் இடாப்பு எவ்வாறு ஊரார் அனைவரையும் அறிந்திருந்ததோ, அவ்வாறே இவ்வட்டவணையும் தன் சிறிய உலகத்தை முழுமையாக அறிந்திருந்தது.

1981ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறை, முகவரியை 32 இரும இலக்கங்களால் அமைத்தது. அதனால் கிடைக்கும் மொத்த எண்கள் 429 கோடிக்குச் சற்று மேல். 1983ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் ஆர்ப்பாநெற் முழுவதும் இந்நெறிமுறைக்கு மாறியது. புள்ளியிட்டு நான்கு பகுதிகளாக எழுதப்படும் எண், அதாவது 192.168.1.20 என்பது போன்றது, அன்று வந்ததே.

இவ்விடத்தில் பலர் தடுமாறும் ஒரு நுட்பத்தை விளக்குதல் வேண்டும். முகவரி கணினிக்கு உரியது என்றே எவரும் எண்ணுவர். அது சரியன்று. கணினி வலையமைப்போடு சேரும் வாயிலுக்கே முகவரி உரியது. இவ்வாயிலைப் பாடநூல்கள் இடைமுகம் என்கின்றன. கம்பி செருகும் வாயில் ஒன்று, கம்பியில்லா வாயில் ஒன்று என ஒரு கணினிக்கு இரு வாயில்கள் இருக்குமாயின் இரு முகவரிகள் உண்டு. முகவரி கூறுவது ஆள் யார் என்பதையன்று, ஆள் எங்கே நிற்கிறார் என்பதை. மன்னார்க் கரையினருக்கு இவ்வேறுபாடு புதியதன்று. 1990ஆம் ஆண்டளவில் படகேறி இராமேசுவரம் சென்றோருக்கு உறவினர் எழுதிய கடிதங்களில் ஊரின் பெயர் மறைந்து மண்டபம் முகாமின் பெயர் ஏறியது. ஆள் மாறவில்லை, முகவரி மாறிற்று.

வாயிலுக்கு மற்றொரு எண்ணும் உண்டு. அது தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டு வருவது. 48 இரும இலக்கங்கள் கொண்டது. படகின் சொந்தப் பெயர் போன்றது அது. எந்த ஊருக்குச் சென்றாலும் கூடவே செல்லும். ஆனால் அதைக் கொண்டு தொலைவிலிருந்து வழி கண்டுபிடிக்க முடியாது. படகின் பெயரை அறிந்தால் மட்டும் அது எக்கரையில் நிற்கிறது என்று தெரியுமா?

1980களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களில் ஒரு விந்தையான கணினி பரவியது. விலையைக் குறைக்கும் பொருட்டு அதற்குச் சேமிப்புத் தட்டு வைக்கப்படவில்லை. மின்னை நிறுத்தினால் தன் முகவரியையும் மறந்துவிடும். மீண்டும் விழித்தெழும்போது அதற்குத் தெரிந்தது பொறிக்கப்பட்ட எண் ஒன்றே. ஆதலின் அது தன் வலையமைப்பு முழுவதையும் நோக்கி, "என் பொறிப்பெண் இது, என் முகவரி யாது?" என்று வினவும் முறையை ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 1984ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் பில் குரொப்ட், யோன் கில்மோர் ஆகிய இருவரும் பூட்-பி என்னும் விரிந்த நெறிமுறையை வகுத்தனர். முகவரியோடு வெளியுலகுக்குச் செல்லும் வழி எது, தொடங்குவதற்குரிய கோப்பு எங்கே உள்ளது என்பவற்றையும் அது கூறியது. அயல் வலையமைப்பிலுள்ள சேவையகத்திடம் வினாவை எடுத்துச் செல்லும் தூதரையும் அது ஏற்பாடு செய்தது.

எனினும் குறை ஒன்று நீங்கவில்லை. விடை கூறும் சேவையகத்திலே, இந்தப் பொறிப்பெண்ணுக்கு இந்த முகவரி என்று யாராவது ஒருவர் முன்னரே கையால் எழுதி வைத்திருக்க வேண்டும். அட்டவணை இடம் மாறிற்றேயன்றி மறையவில்லை. மடியில் வைத்து எடுத்துச் செல்லும் கணினிகள் வந்தபோது இக்குறை பெரிதாயிற்று. காலையில் ஒரு கட்டடத்திலும் மாலையில் மற்றொன்றிலும் தோன்றும் கணினிக்கு எந்த அட்டவணையில் இடம் ஒதுக்குவது? ஒருமுறை வந்து சென்றவனுக்கு ஒதுக்கிய எண் அவன் திரும்பி வராதபோதும் வீணே பூட்டிக் கிடந்தது.

இதற்குத் தீர்வு கண்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவிலுள்ள பக்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ப் டிரோம்ஸ். 1993ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அவர் பெயரால் வெளிவந்த டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறை, 1997ஆம் ஆண்டு மார்ச்சில் திருத்தம் பெற்று இன்றளவும் நின்று நிலவுகின்றது. அதன் உயிர்க்கருத்து, முகவரியைச் சொந்தமாகக் கொடாமல் காலவரையறையோடு குத்தகைக்குக் கொடுப்பது. ஆங்கில மூலத்திலும் குத்தகை என்ற பொருளுடைய சொல்லே வழங்குகின்றது.

பேரம் நான்கு வார்த்தைகளில் முடியும். புதிதாய் வந்த கணினிக்கு முகவரி இல்லை, ஆதலால் தன்னைப் பூச்சியம் என்று குறித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இங்கே முகவரி தருவோர் உளரோ?" எனக் கூவுகிறது. சேவையகம், "இவ்வெண் ஒழிந்திருக்கிறது, இவ்வளவு காலத்துக்குத் தரலாம்" என்கிறது. கணினி, "அதையே தருக" என மீண்டும் எல்லோருக்கும் கேட்கும்படி விண்ணப்பிக்கிறது. சேவையகங்கள் இரண்டு இருந்தால் தன் எண் ஏற்கப்படவில்லை என்பதை மற்றது அறிந்துகொள்ள வேண்டுமல்லவா? இறுதியில் "தந்தோம்" என்ற உறுதிமொழி வருகின்றது. குத்தகைக் காலத்திற் பாதி கழிந்ததும் கணினி தன் சேவையகத்திடம் புதுப்பிக்கக் கேட்கும். விடை வராவிடின், எட்டில் ஏழு பங்கு கழிந்தபின் எவரேனும் புதுப்பிக்க மாட்டாரா என்று பொதுவிற் கேட்கும். அப்போதும் விடை இல்லையேல், காலம் முடிந்த கணத்தில் எண்ணைக் கைவிட்டே ஆக வேண்டும்.

குத்தகைக் காலம் எவ்வளவு என்பதில் இருக்கிறது நிர்வாகியின் அறிவு. மிகக் குறுகினால் ஓயாத விண்ணப்பங்கள். மிக நீண்டால் போனவருக்காகப் பூட்டிய எண்கள். இவ்விடத்தில் முத்துப் பார்களின் கதை மீண்டும் நினைவுக்கு வருகின்றது. 1906ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் இப்பார்களை ஆங்கிலக் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907ஆம் ஆண்டுக் குளிப்புக்குப் பின் பார்களிற் சிப்பி பொய்த்தது. கம்பனி குத்தகைக் காலத்தைக் காணாமலே கலைந்தது. கடலின் பருவம் ஒன்று, பத்திரத்தின் காலம் வேறொன்று.

டி.எச்.சி.பி. பிறந்த காலத்தில் இலங்கையில் இணையம் தவழத் தொடங்கியிருந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தாரின் முயற்சியால் 1990ஆம் ஆண்டில் கல்வியாளரிடையே மின்னஞ்சல் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே நாட்டுக்குரிய எல்.கே. என்ற பெயரீறும் பதிவாயிற்று. வணிக முறையிலான இணையச் சேவை 1995இல் வந்தது. போர்க்காலத்து வடபகுதிக்கு அவை எட்டாக்கனியாகவே நீண்ட காலம் இருந்தன. 1990களின் நடுப்பகுதியில், எந்த இல்லமும் நிறுவனமும் தனக்குள்ளே விரும்பியவாறு ஆளக்கூடிய எண் தொகுதிகள் சில ஒதுக்கி வைக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குவது அவற்றுள் ஒன்று. இதனாலேயே வங்காலையிலுள்ள ஒரு வீட்டுக் கணினியும் இலண்டனிலுள்ள ஒரு வீட்டுக் கணினியும் ஒரே எண்ணைத் தாங்கியும் மோதிக்கொள்வதில்லை. 429 கோடி எண்களும் தீர்ந்துபோகும் நாளை இவ்வேற்பாடு தள்ளிப்போட்டது, தடுக்கவில்லை. உலகப் பொதுக் களஞ்சியத்தின் கடைசித் தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் பங்கிட்டுத் தீர்ந்தன.

இனி, சின்னஞ்சிறு கணினியின் கதைக்கு வருவோம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ், எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ளக்கூடிய இயங்குதளமாயிற்று. அதில் இயங்குமாறு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. விலை 35 டொலர். சிறுவர் மீண்டும் கணினியைக் கட்டி அவிழ்த்துப் பழக வேண்டும் என்பதே அதைச் செய்தோரின் நோக்கம். 2016இல் வந்த மூன்றாம் பதிப்பு முதற்கொண்டு அதனுள்ளேயே கம்பியில்லா வாயிலும் அமைந்தது. அந்நாளிலிருந்து கம்பி வாயில் ஈத் 0 என்றும் கம்பியில்லா வாயில் டபிள்யூலான் 0 என்றும் இரு பெயர்களோடு நிற்கும் இச்சிறு பெட்டி, வலையமைப்பியல் கற்பதற்கு மிகப் பொருத்தமான பொருளாகிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. கரையோர ஊர் ஒன்றின் பாடசாலையில் இத்தகைய சிறு கணினி வைக்கப்படுகின்றது என்று கொள்வோம். வகுப்பறையிலுள்ள பத்துக் கணினிகள் கம்பியால் அதனோடு இணைந்துள்ளன. பாடங்களை அதிலிருந்தே பெறுகின்றன. அலுவலகத்திலுள்ள வழிப்படுத்தி கம்பியில்லா முறையில் அதற்கு இணையத்தைத் தருகின்றது. அலுவலகப் பக்கத்து வாயிலில் சிறு கணினி ஒரு குத்தகைக்காரன். தருவதை வாங்கிக்கொண்டால் போதும். வகுப்பறைப் பக்கத்து வாயிலில் அதுவே நிலக்கிழார். அதன் எண் அசையாது நிற்க வேண்டும், மற்றப் பத்துக்கும் அதுவே எண் வழங்க வேண்டும். ஒரே பெட்டி, இரு வாயில், இரு வேறு நிலை. கணினி முழுவதற்கும் ஒரே கட்டளை இட்டால் இது நடவாது. வாயிலுக்கு வாயில் தனிக் கட்டளை வேண்டும்.

ரோய் மாப்பிள்ஸ் என்பவர் ஆக்கிய டி.எச்.சி.பி.சி.டி. என்னும் ஏவலன் 2015ஆம் ஆண்டு முதல் ராஸ்பெரி பையில் இப்பணியைச் செய்து வந்தது. ஒன்றும் சொல்லாவிடின் அது எல்லா வாயில்களிலும் நின்று முகவரி கேட்கும். அதன் கோப்பில் "இடைமுகம் ஈத் 0" என்னும் பொருள்பட ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதி, அதன்கீழ் 192.168.50.1 என்பது நிலையான எண் என்று எழுதினால், அவ்வாயிலில் மட்டும் அது கேட்பதை விடுத்து அவ்வெண்ணை அணிந்து நிற்கும். கம்பியில்லா வாயில் பழையபடி குத்தகையிலேயே தொடரும். எண் வழங்கும் வேலைக்கு சைமன் கெல்லி என்பார் ஆக்கிய டி.என்.எஸ்.மாஸ்க் என்னும் மென்பொருள் பெரிதும் வழங்கியது.

எழுதுவது நான்கு வரி. பிழைக்கும் இடங்களோ பல. நிலையான எண்ணோடு வெளிவழியையும் சேர்த்து எழுதும் வழக்கம் சிலரிடம் உண்டு. வகுப்பறைப் பக்கத்தில் வெளியுலகுக்கு வழியே இல்லை. ஆயினும் அவ்வேவலன் கம்பி வாயிலையே கம்பியில்லா வாயிலுக்கு முந்தியதாய் மதிக்கும் இயல்பினது. ஆதலால் அனைத்துக் கடிதங்களையும் முட்டுச்சந்துக்கே அனுப்பும். அலுவலக இணைப்பு நலமே இருக்க, சிறு கணினியிற் பாடப் பக்கங்கள் திறவா. இரு பக்கங்களிலும் 192.168.1 என்ற ஒரே தொகுதியை வைத்தாலும் கேடு. எந்த எண் எந்த வாயிலுக்கு அப்பால் உள்ளது என்று கணினியால் பிரித்தறிய முடியாது. வழிப்படுத்தி குத்தகைக்கு விடும் எண்களுள் ஒன்றையே எடுத்து நிலையானதாய் எழுதிக்கொள்வது இன்னொரு பிழை. சில நாள் எல்லாம் சரியாயிருக்கும். பின்னர் ஒரு காலையில் அதே எண் மற்றொரு கணினிக்கும் வழங்கப்படும். இரண்டும் இணைப்பு அறுந்தும் சேர்ந்தும் துன்புறும். அலுவலகப் பக்கத்திலும் மாறாத எண் வேண்டுமாயின், இன்ன பொறிப்பெண்ணுக்கு இன்ன முகவரியே என்று வழிப்படுத்தியிலேயே ஒதுக்கி வைப்பது மேலானது.

இவை யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. எண் வழங்கும் வேலையை வகுப்பறை வாயிலுக்கு மட்டும் என வரையறுக்க மறந்தால், சிறு கணினி அலுவலகப் பக்கத்திலும் நிலக்கிழாராய்த் தோன்றிவிடும். ஒரு நிலத்துக்கு இரு உடைமையாளர். அலுவலகக் கணினி காலையிற் கூவும்போது எவர் விடை முந்துகிறதோ அவர் எண்ணையே பெரும்பாலும் ஏற்கும். பரீட்சை விண்ணப்பங்களை இணையவழி அனுப்ப வேண்டிய கடைசி நாளில் இது நேர்ந்தால், மூலையிலிருக்கும் உள்ளங்கையளவுப் பெட்டியே காரணம் என்று யாருக்குத் தோன்றும்? வகுப்பறையில் ஒரு மாணவன் பழகும் பொருளாலேயே பாடசாலை முழுவதும் வெளியுலகத் தொடர்பை இழக்கக்கூடும். தவிர்க்க வேண்டியது ஒரு வரி எழுதுவதே.

விடை தருவோர் எவரும் இல்லாவிடின் கணினி என்ன செய்யும்? அதற்கும் வழி வகுக்கப்பட்டுள்ளது. 169.254 என்று தொடங்கும் தொகுதியில் ஓர் எண்ணைத் தானே தெரிந்து, அதை வேறெவரும் கொண்டிருக்கவில்லை என உறுதிப்படுத்திக்கொண்டு அணியும். 2005ஆம் ஆண்டில் இவ்வழக்கம் முறைப்படி நெறியாக்கப்பட்டது. அவ்வெண்ணால் அயலோடு மட்டுமே பேசலாம். வெளியே செல்ல இயலாது. பழுது பார்ப்போருக்கு இது நல்ல அடையாளம். 169.254 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், கணினி கெட்டது என்று கருதாமல், முகவரி தருவோர் விடையளிக்கவில்லை என்று கம்பியையும் வழிப்படுத்தியையும் நோக்குதல் வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்த ராஸ்பெரி பை இயங்குதளம் பழைய ஏவலனை நீக்கி, நெற்வேர்க் மனேஜர் என்னும் வேறொன்றை அமர்த்தியது. பழைய நூல்களைப் பார்த்துப் பழைய கோப்பில் எழுதுவோரின் கட்டளையை அது படிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. ஏவலன் மாறினாலும் ஒவ்வொரு வாயிலுக்கும் தனி ஏற்பாடு என்ற முறை மாறவில்லை. புதியதிலும் இணைப்புக்கு இணைப்பு தனிக் கட்டளையே.

எண்கள் தீர்ந்துபோகும் என அஞ்சி 1990களில் வகுக்கப்பட்ட ஆறாம் பதிப்பு நெறிமுறை முகவரியை 128 இரும இலக்கங்களாக விரித்தது. அதிற் குத்தகை கட்டாயமன்று. வழிப்படுத்தி முகவரியின் முற்பாதியை மட்டும் அறிவிக்கும். பிற்பாதியை வாயில் தானே புனைந்துகொள்ளும். முதலில் பொறிப்பெண்ணிலிருந்தே பிற்பாதியை ஆக்கினர். அதனால் கணினி எவ்வூர் சென்றாலும் அதன் அடையாளம் முகவரியில் எழுதப்பட்டிருந்தது. யாரும் பின்தொடரலாம் என்ற ஐயம் எழுந்தது. 2001ஆம் ஆண்டில், பிற்பாதியைக் குறியில்லாத எண்ணாக எடுத்து அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் முறை வெளியாயிற்று. அவ்வாறு எடுத்த எண்ணை அணியுமுன் கணினி அயலாரை நோக்கி, இதை முன்னரே கொண்டோர் உளரோ என்று ஒருமுறை கேட்கும். சிறிது நேரம் காத்திருந்து, விடை வராவிடின் எடுத்துக்கொள்ளும்.